திறவுகோலும் இரகசிய எண்ணும்

வீட்டுக்குக் கதவு வைத்த மனிதன் பூட்டையும் நினைத்தான். பூட்டை நினைத்தவன் திறவுகோலையும் நினைத்தான். உள்ளே வரத் தக்கவர் யார், தகாதவர் யார் என்று தீர்மானிக்கும் பொறுப்பை வாய் பேசாத ஒரு சிறு இரும்புத் துண்டிடம் ஒப்படைத்துவிட்டு அவன் நிம்மதியாக உறங்கினான். நாம் இன்று வழங்கும் 'சாவி' என்ற சொல் போர்த்துக்கீசியரோடு நம் கரைக்கு வந்தது. 'திறவுகோல்' நம்முடைய சொல். சொல் எதுவாயினும் ஏற்பாடு ஒன்றுதான்: அதைக் கையில் வைத்திருப்பவன் உரியவன். அந்த ஏற்பாடு, மோட்டார் வண்டிகளைப் பொறுத்த வரையில், நாம் அதிகம் கவனியாமலே மாறிவிட்டது. இன்று காரின் சாவி நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சாவியைக் கார் அடையாளம் கண்டுகொள்ளவும் வேண்டும். அந்த அடையாளம் எவ்வாறு உண்டாகிறது? புதிய சாவிக்கு அதை ஏற்படுத்தித் தரும் இரகசிய எண் யாரிடம் இருக்கிறது? யாரிடம் இருக்க வேண்டும்? இவையே இன்றைய பேச்சின் பொருள்.

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து, ஜீவனஹள்ளி இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும் இடம் அது. கண்டோன்மெண்டைச் சார்ந்த இந்த வட்டாரத்தில் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர்; பிழைப்பை நாடி அண்மையில் வந்தவர்களும் உண்டு. பழைய தெருக்கள் குறுகியவை, வீடுகள் நெருங்கியவை. கார் நிறுத்துவதற்கென்று கொட்டகை கட்டிய வீடுகள் குறைவாதலால், இரவில் பல கார்கள் தெரு ஓரத்திலேயே நிற்கின்றன. மாதத் தவணை கட்டி வாங்கிய கார், வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காக்கும் கார், மூத்த மகன் முதற் சம்பளத்தில் முன்பணம் கொடுத்து வாங்கிய கார் என்று ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் சேமிப்பு. அந்தச் சேமிப்பு இரவெல்லாம் வானத்தின் கீழே தனியே நிற்கிறது. அதைக் காப்பது எது? ஜீவனஹள்ளிக்குப் பொருந்தும் இந்தக் கேள்வி டில்லியின் கரோல்பாக்குக்கும் மும்பையின் தாராவிக்கும், இப்பேச்சைக் கேட்கும் நேயர்கள் வாழும் எந்தத் தெருவுக்கும் பொருந்தும்.

பழைய நாளில் காரைக் காத்தது வெட்டுப் பற்களை உடைய ஓர் உலோகச் சாவி மட்டுமே. உலோகச் சாவியை இழிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைப் பாருங்கள்: உள்ளேயிருக்கும் நெம்புத் தகடுகளைக் கைத்தொழிலாளர் அரத்தால் இழைத்து அமைக்கின்றனர், அதன் சாவி அதற்கே உரியது. ஆனால் பூட்டைத் திறப்பது வேறு, பூட்டைச் சுற்றிக்கொண்டு போவது வேறு. காரின் சாவி செய்ததெல்லாம் மின்சாரத்தை இணைக்கும் ஒரு பொத்தானைத் திருப்புவதுதான். திருடன் சாவித் துளையோடு போராடவில்லை. அதன் பின்னால் ஓடும் கம்பிகளைப் பிடித்து இணைத்தான். இயந்திரம் புறப்பட்டது. சாவி தன் கடமையில் தவறவில்லை. அதைக் கேட்பாரில்லாமற் போயிற்று.

இந்தக் குறையைப் போக்க வந்த சாதனத்திற்கு ஆங்கிலத்தில் 'இம்மொபிலைசர்' என்று பெயர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, 'இயக்கத் தடைக் கருவி' என்று சொன்னால் பொருள் விளங்கும் என்று தோன்றுகிறது. கதவைக் காப்பது இதன் வேலையன்று. இயந்திரம் இயங்குவதைத் தடுப்பதே இதன் வேலை. கதவைத் திறந்து உள்ளே அமர்ந்து, துளையில் ஏதோ ஒரு சாவியைத் திருப்பினாலும், உரிய அடையாளம் வராத வரையில் எரிபொருளும் தீப்பொறியும் இயந்திரத்துக்குக் கிடைக்கமாட்டா.

இதன் மூலக் கருத்து யுத்த களத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் வானத்தில் வரும் விமானம் நண்பனுடையதா, பகைவனுடையதா என்று அறிய வேண்டியிருந்தது. தரையிலிருந்து செல்லும் ரேடார் அலையைப் பெற்றவுடன் குறித்த ஓர் அலைக்குறியைத் திருப்பி அனுப்பும் கருவியைத் தம் விமானங்களில் பொருத்தினர். மறுமொழி வந்தால் நண்பன். கேட்டவுடன் பதில் சொல்லும் இந்தக் கருவிக்கு 'டிரான்ஸ்பாண்டர்' என்று பெயர் வழங்கிற்று. இன்று நம் கார்ச் சாவியின் கறுப்புத் தலைக்குள் அரிசிமணிபோல் ஒளிந்திருப்பது அந்தக் கருவியின் மிகச் சிறிய வழித்தோன்றலே.

இடையில் ஒரு படி இருந்தது. 1986ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்வெட் கார்ச் சாவியில் ஒரு சிறு மின்தடை வில்லையைப் பதித்தனர். அந்த மின்தடையின் அளவைக் கார் அளந்து பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் புறப்பட்டது. ஆனால் அளவுகள் 15 மட்டுமே. பொறுமையுள்ள ஒருவன் 15 வில்லைகளையும் வைத்துக்கொண்டால் ஏதோ ஒன்று பொருந்தத்தான் செய்யும். பிறகு வந்த முதல் மின்னணுச் சாவிகள் மாறாத ஓர் எண்ணைக் காருக்குச் சொல்லின. அந்த எண்ணை ஒருமுறை ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்துகொண்டவன் அதையே திருப்பிச் சொல்லிக் காரை ஏமாற்ற முடிந்தது.

மாறாத அடையாளத்தின் பலவீனத்தை நம் இராமகதை நன்றாக விளக்குகிறது. அசோகவனத்தில் அனுமன் சீதையின்முன் வந்து நிற்கிறான். அரக்கர் வேண்டிய உருவம் எடுக்க வல்லவர். வந்திருப்பவன் இராவணனாகவே இருக்கலாம். கணையாழி ஒன்றே அடையாளமாகப் போதுமா? மோதிரம் களவு போகக்கூடியது. அதனால்தான் இராமன் மோதிரத்தோடு நில்லாமல், தனக்கும் தன் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த செய்திகளையும் அடையாள மொழிகளாகச் சொல்லி அனுப்புகிறான் என்று கம்பர் பாடுகிறார். கையில் உள்ள பொருளைவிட, மனத்தில் உள்ள இரகசியம் உறுதியான சான்று.

இன்றைய சாவி இதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. அடையாள மொழியை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மரத்தின் மறைவில் நிற்பவன் காதிலும் அது விழும். ஆகையால் இரகசியத்தைச் சொல்லாமலே 'இரகசியம் அறிந்தவன் நான்' என்று மெய்ப்பிக்க வேண்டும். இது எப்படி முடியும்?

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். காருக்கும் சாவிக்கும் பொதுவான இரகசிய எண் 37 என்று வைத்துக்கொள்வோம். கார் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணைச் சொல்லும். சாவி அந்த எண்ணை 37 ஆல் பெருக்கி, விடையின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். கார் 58 என்றது, பெருக்கினால் 2,146, சாவி 46 என்றது. காரும் தனக்குள் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது, 46 சரி, புறப்பட அனுமதி கிடைக்கிறது. மறுநாள் கார் 91 என்கிறது, விடை 3,367, சாவி 67 என்கிறது. முதல் நாள் ஒட்டுக் கேட்டவன் மறுநாள் 46 என்று சொல்லி நின்றால் கார் அசையாது. 37 என்ற எண் ஒருமுறைகூட வெளியில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சாவித் துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அச்சுருளிலிருந்து வினாடிக்கு ஏறக்குறைய 1,25,000 முறை அலையும் காந்தப் புலம் எழுகிறது. சாவித் தலையிலுள்ள சில்லுக்குச் சொந்தமாக மின்கலம் கிடையாது, அந்தக் காந்தப் புலத்திலிருந்தே அது தன் மின்சாரத்தைப் பெற்று உயிர்த்தெழுகிறது, கேள்வியைக் கேட்கிறது, கணக்கைப் போடுகிறது, விடையைச் சொல்கிறது. நாம் கண் இமைப்பதற்குள் இது முடிந்துவிடுகிறது. விடை தவறானால் இயந்திரம் சுழலாது. அல்லது ஒரு கணம் சுழன்று நின்றுவிடும். முகப்புப் பலகையில் சாவி வடிவிலோ கார் வடிவிலோ ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்.

இனி 'கோட்' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் எழுதினால் 'கோடு' ஆகிவிடக்கூடிய இந்த ஆங்கிலச் சொல், கார்ச் சாவி விஷயத்தில் மூன்று வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. குழப்பமும் செலவும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, வெட்டு எண். சாவியின் உலோகப் பற்களை எந்த ஆழத்தில் வெட்ட வேண்டும் என்று குறிப்பது. புதுக் கார் வாங்கும்போது சாவிக்கொத்தோடு ஒரு சிறு தகட்டிலோ அட்டையிலோ இது வருவதுண்டு. இரண்டாவது, சில்லின் உள்ளே உறையும் இரகசியம். நம் கணக்கில் வந்த 37 இதுதான். இதை உரிமையாளரும் அறியார், அறியவும் வேண்டியதில்லை. மூன்றாவது, பாதுகாப்பு எண். புதிய சாவியைப் பதிவு செய்யும்படி காருக்குக் கட்டளையிடும் அதிகாரம் தருவது இது. முதல் எண் கொல்லனுக்கு, இரண்டாவது சாவிக்கு, மூன்றாவது பதிவாளருக்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தான் இவற்றுக்கெல்லாம் வேறானது. அதற்குத்தான் மின்கலம் வேண்டும். மின்கலம் தீர்ந்துவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. ஆனால் சில்லு செத்துவிடவில்லை. துளையில்லாமல் பொத்தானை அழுத்திப் புறப்படும் கார்களிலும், மின்கலம் தீர்ந்த சாவியைக் குறித்த இடத்தில் ஒட்டிப் பிடித்தால் கார் அதை அறிந்துகொள்ளும்படி வழி செய்திருக்கிறார்கள். காரோடு வந்த கையேட்டில் அந்த இடம் குறிக்கப்பட்டிருக்கும். நூறு ரூபாய் மின்கலம் மாற்ற வேண்டிய இடத்தில் புதுச் சாவிக்குப் பணம் கொடுத்தவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்களே.

புதுச் சாவி பதிவாகும் முறை என்ன? ஓட்டுபவரின் கால்மாட்டுக்கு மேலே, முகப்புப் பலகையின் அடியில், 16 முனைகள் கொண்ட ஒரு செருகிடம் இருக்கிறது. பணிமனையில் காரின் கோளாறுகளைப் படித்தறியும் கருவியை இதில்தான் செருகுகிறார்கள். அந்தக் கருவி வழியாக, 'புதுச் சாவியை ஏற்றுக்கொள்' என்ற விண்ணப்பம் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. 'உனக்கு அந்த அதிகாரம் உண்டா?' என்று பெட்டி கேட்கிறது. பாதுகாப்பு எண்ணைச் சரியாகச் சொன்னால் பதிவேடு திறக்கிறது. பல கார்களில் பழைய பதிவுகள் அனைத்தும் அப்போது அழிந்துவிடும். வீட்டிலுள்ள எல்லாச் சாவிகளையும் ஒருசேரக் கொண்டுவந்து மீண்டும் பதிய வேண்டும். தொலைந்துபோன சாவி இவ்வாறு தானாகவே தள்ளுபடியாகிறது. இது தொல்லையன்று, பாதுகாப்பு.

இந்தப் பாதுகாப்பு எண் பழைய கார்கள் பலவற்றில் 4 இலக்கம் மட்டுமே கொண்டது. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். வினாடிக்கு ஒன்றாக முயன்று பார்த்தால் 3 மணி நேரத்திற்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடலாம். ஆகவே தவறான எண் சொன்னவரைக் கார் காக்கவைக்கிறது. ஒரு தவறுக்கு 10 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 10,000 எண்களுக்கு 1,00,000 நிமிடம். அதாவது 69 நாட்கள். திருடனுக்கு அவ்வளவு ஓய்வில்லை. எண்ணின் நீளத்தைவிட இந்தக் காத்திருப்பே உண்மையான பூட்டு என்று சொல்லலாம். பிற்காலக் கார்கள் சிலவற்றில் நிலையான எண்ணே கிடையாது. கார் ஓர் எண்ணைக் காட்டும். அதை நிறுவனத்தின் கணிப்பொறிக்கு அனுப்பினால், அந்த ஒரு தருணத்திற்கு மட்டும் செல்லும் மறுஎண் வரும்.

எண் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? சில கார்களோடு அதை அச்சிட்ட அட்டை வந்தது. மற்றவற்றில், காரின் உடற்சட்டத்தில் பொறித்த 17 எழுத்தெண்கள் கொண்ட அடையாளத்தைச் சொல்லி, நிறுவனத்தின் ஏட்டிலிருந்து முகவர் அதைப் பெறுகிறார். வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு செய்தி உண்டு. சொந்த மாநிலத்தில் பதிவான காரை 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி புதுப் பதிவெண் பெற வேண்டும். பலகையில் 'டிஎன்' போய்க் 'கேஏ' வந்துவிடும். ஆனால் பாதுகாப்பு எண் உடற்சட்ட எண்ணோடு கட்டுண்டது. பதிவுப் பலகையோடு அன்று. மதுரையில் வாங்கிய காரின் எண்ணைப் பெங்களூரிலும் பெறலாம். பதிவுச் சான்றிதழில் உடற்சட்ட எண் பிழையின்றி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு ஏற்பாட்டால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வரலாறு விடை தந்திருக்கிறது. ஜெர்மனியில் காப்பீட்டு நிறுவனங்களின் வற்புறுத்தலால் 1995 முதல் புதுக் கார்களில் இக்கருவி பரவிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001இலும் கானடா 2007இலும் அவ்வாறே செய்தன. அமெரிக்க ஐக்கிய நாடு கட்டாயமாக்கவில்லை. அதன் விளைவு 2021இல் தெரிந்தது. மில்வாக்கி நகரத்தில் ஹூண்டாய், கியா கார்கள் கூட்டங்கூட்டமாகக் களவு போயின; மறு ஆண்டில் அது நாடெங்கும் பரவிற்று. 2015ஆம் ஆண்டுக் கார்களில், மற்ற நிறுவனங்களின் மாதிரிகளில் 100க்கு 96இல் இக்கருவி இருக்க, இவ்விரு நிறுவனங்களின் மாதிரிகளில் 100க்கு 26இல்தான் இருந்தது. எல்லைக்கு அப்பால் கானடாவில் அதே நிறுவனங்கள் விற்ற கார்களில் சட்டத்தின் காரணமாகக் கருவி இருந்தது. 2023 மே மாதத்தில் அந்நிறுவனங்கள் ஏறக்குறைய 20 கோடி டாலர் அளவில் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள இசைந்தன. இந்தியாவில் மாருதி நிறுவனம் 'ஐகேட்ஸ்' என்ற பெயரில் இக்கருவியைத் தன் கார்களில் அமைத்தது. மற்ற நிறுவனங்களும் அமைத்திருக்கின்றன. நம் நாட்டில் ஓடும் இருசக்கர வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இது இன்னும் இல்லை.

ஆயினும் இது வெல்ல முடியாத கோட்டையன்று. நம் சிறு கணக்கில் இரண்டு கேள்வி விடைகளை ஒட்டுக் கேட்டவன், 100 எண்களையும் முயன்று பார்த்து 37ஐக் கண்டுபிடித்துவிடுவான். அதனால் சில்லு செய்தவர்கள் இரகசியத்தைப் பெரிதாக்கினர். ஒரு புகழ்பெற்ற சில்லில் ஏறக்குறைய 1,10,000 கோடி எண்களுள் ஒன்று இரகசியமாக இருந்தது. 2005ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தையும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வுக் கூடத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர், தாமே அமைத்த ஒரு பொறியினால் அதை ஒரு மணி நேரத்திற்குள் கண்டுபிடித்துக் காட்டினர். வேறொரு சில்லின் குறையைப் பர்மிங்காம், நைமேகன் பல்கலைக் கழகங்களைச் சேர்ந்தவர்கள் கண்டபோது, அதை வெளியிடக் கூடாதென்று 2013இல் லண்டன் நீதிமன்றத்தில் தடையாணை பெறப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2015இல், ஒரு வாக்கியத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்தக் கட்டுரை வெளிவந்தது.

1883ஆம் ஆண்டிலேயே கெர்க்காப்ஸ் என்ற அறிஞர் ஒரு விதி வகுத்தார்: சங்கேத முறை பகைவன் கையில் அகப்பட்டாலும் தீங்கு வரக் கூடாது, இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பு ஊரறிந்தது. ஆயினும் ஒருவன் பூட்டை மற்றொருவன் சாவி திறப்பதில்லை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை மறைத்து அதையே காவல் என்று நம்பியவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

கணிதத்தை வெல்லாமலே திருடும் வழிகளும் தோன்றியுள்ளன. துளையின்றிப் புறப்படும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் குரலைத் தெருவில் நிற்கும் காருக்கு எடுத்துச் செல்ல முடியும் என்று 2011இல் சூரிச் நகர ஆராய்ச்சியாளர் 10 மாதிரிகளில் காட்டினர். இங்கே பொய்ச் சாவி இல்லை. மெய்ச் சாவியே அறியாமல் பதில் சொல்லிவிடுகிறது. சாவியை வாசற்கதவின் ஓரத்தில் ஆணியில் மாட்டாமல், வீட்டின் உட்புறத்தில், மூடிய உலோகப் பெட்டிக்குள் வைப்பது இதற்கு எளிய மருந்து. மற்றொரு வழி, சாவி பதியும் கருவியே தவறானவர் கையில் சேர்வது. டில்லியில் பிடிபட்ட வாகனத் திருட்டுக் கும்பல்களிடம் இத்தகைய கருவிகள் இருந்ததாகச் செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. பதிவேட்டைத் திறக்கும் அதிகாரம் திருடனிடம் சென்றுவிட்டால், அவன் சாவியும் நம் சாவியும் காருக்கு ஒன்றே.

இங்கேதான் நம் பேச்சின் முடிச்சு இருக்கிறது. அப்படியானால் அந்த அதிகாரத்தைக் கார் நிறுவனமே இறுகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிடலாமா?

ஜீவனஹள்ளி போன்ற இடங்களில் தெருமுனையில் சாவி செய்பவரை நினைத்துப் பாருங்கள். ஓர் அரம், சாவியை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ், வெற்றுச் சாவிகள் கோத்த ஒரு பெரிய வளையம் ஆகியவை அவர் முதல். கண்ணும் விரலும் அவர் கல்வி. அத்தொழிலில் எழுதப்படாத ஓர் அறம் உண்டு: சோப்புக் கட்டியில் சாவியை அழுத்தி எடுத்த அச்சோடு வருபவனுக்கு நல்ல தொழிலாளி சாவி செய்து தரமாட்டார். முகத்தைப் பார்த்து, வீட்டைக் கேட்டு, ஐயம் தோன்றினால் 'முடியாது' என்று சொல்லிவிடுவார். இன்று அத்தொழிலாளிகளுள் சிலர் அரத்தோடு கையடக்கக் கணிப்பொறியும் வாங்கிச் சில்லு பதியக் கற்றிருக்கிறார்கள். கற்காதவர்களுக்குக் காரின் கதவு மூடிவிட்டது. பாதுகாப்பு எண் நிறுவனத்திடம் மட்டுமே இருக்குமாயின், கற்றவர்களுக்கும் அது மூடிவிடும். அப்போது சாவி தொலைத்தவர் முகவர் சொன்ன விலையைக் கொடுத்து, அவர் சொன்ன நாள்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. வாடகைக் கார் ஓட்டுபவருக்கு ஒரு வாரம் என்பது ஒரு வாரக் கூலி.

இந்திய வணிகப் போட்டி ஆணையம் இத்தகைய நிலையை ஆராய்ந்திருக்கிறது. 25-8-2014 அன்று அது 14 கார் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் கோளாறு அறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்காமல் செய்தது குற்றம் என்றும், அவற்றை வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. பிறகு மேல்முறையீடுகள் தொடர்ந்தன. எனினும், தாம் வாங்கிய பொருளை எங்கே பழுது பார்ப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்ற கருத்து அன்று வலுப்பெற்றது.

உரிமையும் காவலும் ஒன்றுக்கொன்று பகையா? இல்லை என்பதற்குக் கலிபோர்னியா ஒரு சான்று. 2006இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. சாவி தொலைத்த உரிமையாளர், பதிவு பெற்ற பூட்டுத் தொழிலாளி வழியாக மாற்றுச் சாவி செய்துகொள்ளத் தேவையான விவரத்தைக் கார் நிறுவனங்கள் தர வேண்டும். தொழிலாளி கேட்பவரின் அடையாளத்தையும் உரிமையையும் சோதித்தறிய வேண்டும் என்பது அதன் போக்கு. தொழிலாளிக்கும் வழி உண்டு. காவலுக்கும் ஏடு உண்டு. எண்ணைப் பெற்றவர் யார், எந்தக் காருக்கு, எந்த நாளில் என்பது எழுதப்பட்டுவிட்டால், இருட்டில் செய்யும் காரியம் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. தெருமுனைத் தொழிலாளியின் பழைய அறத்தைத்தான் சட்டம் அங்கே எழுத்தில் வைத்தது. நம் நாட்டிலும் பூட்டுத் தொழிலாளர்க்குப் பயிற்சியும் பதிவும் தந்து, அவ்வழியே எண்ணைப் பெறச் செய்தால், தொழிலும் பிழைக்கும், திருட்டும் குறையும்.

அத்தகைய ஏற்பாடு வரும்வரை உரிமையாளர் செய்யத் தக்கவை சில உண்டு. புதுக் கார் வாங்கும் நாளிலேயே இரண்டு சாவிகளும், வெட்டு எண் தகடும், எண் அட்டை உண்டாயின் அதுவும் கேட்டுப் பெறுங்கள். அட்டையைக் காருக்குள் வைக்காதீர்கள். அது பெட்டகத்தின் சாவியைப் பெட்டகத்தின் மேலேயே வைப்பது போன்றது. இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்தால் அன்றைக்கே மாற்றுச் செய்யுங்கள். ஒரு சாவி இருக்கும்போது பதிவது எளிது. இரண்டும் போனால் சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்ற நேர்ந்து, செலவு பன்மடங்காகும். மேலும், கார் களவு போனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று ஏற்கெனவே தொலைந்திருந்து அதற்குப் பதிவோ புகாரோ இல்லையென்றால், இழப்பீடு கிடைப்பதில் சிக்கல் எழலாம்.

கைமாறிய காரை வாங்குபவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். முன்னவர் தந்த சாவி ஒன்றா, இரண்டா என்று எண்ணுவதோடு நில்லாமல், காரின் பதிவேட்டில் எத்தனை சாவிகள் உள்ளன என்று பணிமனையில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் இரண்டும் பதிவில் மூன்றும் இருந்தால், மூன்றாவது எங்கோ உலவுகிறது. பழைய பதிவுகளை அழித்து, உங்கள் சாவிகளை மட்டும் உங்கள் கண்ணெதிரில் பதியச் செய்யுங்கள். அறியாத ஊரில், அறியாதவரிடம் கார் வாங்கும் வெளிமாநிலத் தமிழருக்கு இது விற்பனைப் பத்திரத்துக்கு அடுத்தபடியான அவசியம். பதிவு செய்பவர் உங்கள் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். கேட்பவரே நம்பத் தக்கவர். எதையும் கேட்காமல் சாவி பதிந்து தருபவர், நாளை உங்கள் காருக்கும் பிறர் ஒருவருக்கு அப்படியே பதிந்து தருவார்.

உலோகம் தேயும், சில்லு பழையதாகும், இன்று பெரிதாகத் தோன்றும் எண் நாளைக்குச் சிறிதாகும். விஞ்ஞானம் பூட்டை வலுவாக்கும்போதெல்லாம் அதை உடைக்கும் அறிவும் உடன் வளர்கிறது. மாறாமல் நிற்பது ஒன்றே: இரகசியத்தை வைத்திருப்பவர் யார், அவர் யாருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கேள்வி. அந்தக் கேள்வியை உரிமையாளர் கேட்கத் தொடங்கினால், தெரு ஓரத்தில் நிற்கும் அந்தச் சேமிப்புக்குக் காவல் வலுப்படும்.